மத்திய நியூ ஜெர்சியில் உருப்படியான ஹாம்பர்கர் எந்த மதுக்கூடத்தில் கிடைக்கும்?

ராரிட்டன்கரை:

எடிசனில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோசை வேண்டுமென்றாலும் பிரியாணி வேண்டுமென்றாலும் ஓக் ட்ரீ சாலைக்குப் போய்விட்டு அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் இருந்துகொண்டே, இந்த நாட்டவரின் அன்றாட உணவான ஹாம்பர்கரை ஒருமுறைகூட மனநிறைவோடு சாப்பிட்டதில்லை என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

கடந்த வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவிலுள்ள ஒரு மதுக்கூடத்துக்குப் போனேன். பத்து அவுன்ஸ் இறைச்சி, அதன்மேல் சீஸ், அதன்மேல் பேக்கன் எனும் பன்றியிறைச்சிக் கீற்றுகள், அதன்மேல் வெங்காய வளையங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொரித்த முட்டை என்று கோபுரம்போல் அடுக்கி, சரிந்துவிடாமல் இருக்க நடுவே ஒரு மரக்குச்சியையும் செருகிக் கொண்டுவந்து வைத்தார்கள். மீடியம் பதம், அதாவது நடுவில் இளஞ்சிவப்பாக, கேட்டிருந்தேன். வெளியே கரியாகவும் உள்ளே சாம்பல் நிறமாகவும் வந்தது. பன்னோ இரண்டாவது கடியிலேயே நனைந்து கையோடு வந்துவிட்டது. வறுவலும் வரியும் இனாமும் சேர்த்து இருபத்தெட்டு டாலர்.

சங்கிலிக் கடைகள் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் கார் ஓட்டிப் போகக்கூடிய மதுக்கூடமோ உணவகமோ இருந்தால் சொல்லுங்கள். மாட்டிறைச்சி உண்ணாத நண்பர்கள் இந்த இழையைப் பொறுத்தருள வேண்டும்.

இன்னொன்று: பன்னுக்கு நடுவே வைக்கும் கொத்திறைச்சி வட்டத்தை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் 'பாட்டி' என்று எழுதினால் கிழவியாகிவிடுகிறது, 'பேட்டி' என்று எழுதினால் நேர்காணலாகிவிடுகிறது. ஆகவே நான் 'வில்லை' என்று எழுதுகிறேன்.

கல்லும்கரண்டியும்:

கடையைத் தேடுவதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. படிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டுகள் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த பர்கரில் பிழை முட்டையிலோ வெங்காய வளையத்திலோ இல்லை. பத்து அவுன்ஸ் வில்லையை எரியும் கம்பி அடுப்பின்மேல் போட்டால், நடுப்பகுதி பதத்துக்கு வருவதற்குள் வெளிப்புறம் முற்றிப்போகும். உருகும் கொழுப்பு கம்பிகளின் இடைவெளி வழியாக நெருப்பில் சொட்டி வீணாகும். அந்தப் புகை மணத்தைத்தான் அவர்கள் சுவை என்று விற்கிறார்கள். தட்டையான இரும்புக் கல்லில் போட்டாலோ வில்லையின் அடிப்பக்கம் முழுவதும் சூட்டைத் தொடுகிறது, தன் கொழுப்பிலேயே அது பொரிகிறது, பழுப்பு நிறத்தில் மொறுமொறுப்பான ஒரு மேல்தோல் உருவாகிறது. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து உண்டாகும் சுவை அது. மைலார்ட் வினை என்பார்கள்.

நம் வீட்டுத் தோசைக்கல் தெரியும் அல்லவா? புதுக் கல்லில் தோசை ஒட்டும், பழகிய கல்லில் எழும்பி வரும். பர்கர்க் கல்லுக்கும் அதே கதைதான். நாள் முழுவதும் அதையே வார்த்துக்கொண்டிருக்கும் கல் உள்ள கடையைத் தேடுங்கள். உணவுப் பட்டியல் எட்டுப் பக்கம் இருந்தால், சுஷியும் டாக்கோவும் பர்கரும் ஒரே பக்கத்தில் இருந்தால், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

செம்பருத்தி:

தம்பி, ஹாக்கென்சாக்கில் உள்ள ஒயிட் மன்னாவுக்கு ஒருமுறை வாருங்கள். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவிட்டு, பகல் பதினொரு மணிக்கு முதல் ஆளாக அங்கே போய் அமர்ந்திருக்கிறேன், ஒரு முறையல்ல, பல முறை.

ரிவர் தெருவில், ஆற்றை ஒட்டி, பொம்மை வீடுபோல் ஒரு சின்னக் கட்டடம். 1946-இல் திறந்தது. குதிரை லாடம்போல் வளைந்த மேடை, அதைச் சுற்றி முக்காலிகள். இருபது பேர் வந்தாலே தோளோடு தோள் இடிக்கும். நடுவில் ஒரே ஒரு கல். சிறு உருண்டையாக இறைச்சியைக் கல்லில் வைத்து, அதன் தலைமேல் மெல்லிதாகச் சீவிய வெங்காயத்தை ஒரு கைப்பிடி குவித்து, கரண்டியால் ஓங்கி அழுத்துகிறார்கள். வெங்காயம் இறைச்சிக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. திருப்பிப் போட்டு, சீஸ் வைத்து, உருளைக்கிழங்கு மாவு கலந்த சிறு பன்னை அதன்மேலேயே கவிழ்த்துவிடுவார்கள். வெங்காய ஆவியில் பன் வெந்து பஞ்சுபோல் ஆகிவிடும். கடித்தால் எது பன், எது இறைச்சி, எது வெங்காயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜெர்சி சிட்டியில் டானெல் அவென்யூவில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த கடையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது அது. அதன் பெயரில் ஓர் எழுத்து குறைவு. பெயர்ப்பலகையை மாற்றியபோது விடுபட்டதாகச் சொல்வார்கள். திருத்தாமலே விட்டுவிட்டார்கள், அதுவே பெயராகிவிட்டது.

ராரிட்டன்கரை:

செம்பருத்தி அக்கா, படித்ததுமே பசிக்கிறது. ஆனால் அவை சின்ன பர்கர்கள். மதுக்கூடத்தில் அமர்ந்து ஒரு பியரோடு நிதானமாகச் சாப்பிடும் வகையல்லவே? இருந்தாலும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

கல்லும்கரண்டியும் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று வீட்டிலேயே முயன்றேன். மிகக் கொழுப்புக் குறைந்த கொத்திறைச்சியை வாங்கி, உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு விழுது, ஒரு முட்டை எல்லாம் சேர்த்து நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்துக் கல்லில் போட்டேன். சுவை மோசமில்லை, ஆனால் ரப்பர் பந்துபோல் துள்ளியது. என் மகள் "இது பர்கர் இல்லை அப்பா" என்று சொல்லிவிட்டுப் பன்னை மட்டும் தின்றாள்.

கல்லும்கரண்டியும்:

மகள் சொன்னது சரி. நீங்கள் செய்தது கோலா உருண்டை.

கோலாவுக்கு இறைச்சி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அரைக்கிறோம், உப்புப் போட்டுப் பிசைகிறோம், பொட்டுக்கடலை மாவும் சேர்க்கிறோம். உப்பு இறைச்சியிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைக்கிறது. பிசையப் பிசைய அந்தப் புரதம் பசைபோல் இழைகளைக் கட்டிவிடுகிறது. பர்கருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். இறைச்சி உதிரியாகவே இருக்க வேண்டும், இடையிடையே காற்று இருக்க வேண்டும், கடித்தால் பொலபொலவென்று விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் உப்பை உள்ளே கலக்கவே கூடாது. கல்லில் போடுவதற்கு முந்தைய நொடியில் வெளியே தூவினால் போதும். முட்டையும் விழுதும் வேண்டவே வேண்டாம்.

இறைச்சி வாங்கும்போது எண்பதுக்கு இருபது என்று கேளுங்கள்: எண்பது பங்கு இறைச்சி, இருபது பங்கு கொழுப்பு. கழுத்து-தோள் பகுதியான சக் தான் அடிப்படை. அதோடு மார்புப் பகுதியான பிரிஸ்கெட்டையோ விலாப் பகுதியையோ சேர்ப்பவர்கள் உண்டு. கொழுப்பைப் பார்த்து பயந்து தொண்ணூற்றைந்துக்கு ஐந்து வாங்கினால் நேற்றைய பந்துதான் மறுபடியும் வரும்.

கரண்டியால் அழுத்துவதற்கும் நேரம் உண்டு. கல்லில் வைத்த முதல் அரை நிமிடத்துக்குள், கொழுப்பு உருகுவதற்கு முன்பே அழுத்தினால் ஒன்றும் குறையாது. வெந்துகொண்டிருக்கும்போது அழுத்துகிறவர் சாற்றைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையை உங்களுக்குக் கொடுக்கிறார்.

ஸ்டாட்டன்தீவான்:

கல்லைப் பற்றி இவ்வளவு பாடிய பிறகு, எதிர்க்கட்சிக்கும் ஒரு குரல் வேண்டும்.

நான் தீவிலிருந்து படகு ஏறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவன். கிரீனிச் வில்லேஜில் மேற்கு நான்காம் தெருவில் கார்னர் பிஸ்ட்ரோ என்ற பழைய மதுக்கூடம் இருக்கிறது. எட்டு அவுன்ஸ் வில்லை, அதைக் கல்லில் போடுவதில்லை. மேலிருந்து நெருப்பு இறங்கும் அடுப்புக்குள் தள்ளி வேகவைக்கிறார்கள். எள்ளுப் பாண், சீஸ், பேக்கன், காகிதத் தட்டு, அவ்வளவுதான். கல் இல்லாமலும் மிகத் திறமான பர்கர் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே பிழை அடுப்பின் வகையில் இல்லை. அடுப்பின் முன்னால் நிற்கிறவரின் கவனத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் அவென்யூவில் இரண்டு கடைகளைச் சொல்கிறேன். ஐம்பத்தைந்தாம் தெருவில் பி.ஜே. கிளார்க்ஸ், 1884 முதல் இருக்கிறது. சுற்றிலும் வானளாவிய கட்டடம் எழும்பிய பிறகும் செங்கல் கட்டடம் ஒன்று மட்டும் பிடிவாதமாக மூலையில் நிற்கும். அங்கே பேக்கனும் சீஸும் வைத்த பர்கருக்குக் காடிலாக் என்ற சொகுசுக் காரின் பெயர். பாடகர் நாட் கிங் கோல் அதைப் பர்கர்களின் காடிலாக் என்று புகழ்ந்ததால் வந்த பெயர் என்பது கடைக்காரரின் கதை. அங்கிருந்து வடக்கே எழுபத்து நான்காம் தெருவில் ஜே.ஜி. மெலன், 1972-இல் தொடங்கியது. சுவரெங்கும் தர்பூசணிப் படங்கள். இது உங்கள் கட்சி, கல்லில்தான் போடுகிறார்கள். வட்டமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

வில்லியம்ஸ்பர்க்கில் பீட்டர் லூகர் 1887 முதல் ஸ்டேக்குக்குப் பெயர்பெற்றது. அங்கே பர்கர் மதிய நேரத்துக்கு மட்டும்தான், மாலை மூன்றே முக்காலோடு சரி. ஸ்டேக்குக்காக முதிரவைத்த இறைச்சியின் வெட்டுத் துண்டுகளும் அந்தப் பர்கரில் சேர்வதால் வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆழமான மணம் உண்டு. ஸ்டேக் வாங்கக் காசில்லாத மாதக் கடைசியில் நான் போகும் இடம் அது.

கல்லும்கரண்டியும்:

கார்னர் பிஸ்ட்ரோவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள்: மேலிருந்து இறங்கும் நெருப்பில் கொழுப்பு எரிவதில்லை, கீழே தட்டில் தேங்குகிறது. நான் குறை சொன்னது கீழே நெருப்பு எரியும் கம்பி அடுப்பை. அதில் நன்றாகச் செய்கிறவர் எவருமே இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அறுபது பேர் காத்திருக்கும்போது நன்றாகச் செய்கிறவர் அரிது என்கிறேன்.

தயிர்சாதம்:

நான் சைவம், கணவர் எல்லாம் உண்பவர். நண்பர்களோடு மதுக்கூடத்துக்குப் போனால் எனக்குக் கிடைப்பது வறுவலும் எலுமிச்சைச் சாறும்தான் என்ற நிலை இருந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் தாவரப் பொருள்களால் செய்த இம்பாசிபிள் வில்லை வந்துவிட்டது. 2016-இல் நியூயார்க்கில் மொமோஃபுகு நிஷி என்ற உணவகத்தில்தான் அதை முதன்முதலில் பரிமாறினார்கள். சோயா வேரிலுள்ள ஹீம் என்ற பொருளை ஈஸ்டின் வழியாக உருவாக்கிச் சேர்ப்பதால் இரத்தம்போல் சிவந்து, இறைச்சிபோலவே மணக்கிறது. எனக்கு அதுதான் சங்கடம். இறைச்சியையே அறியாத நாக்குக்கு இறைச்சியின் நகல் எதற்கு?

என்னைப் போன்றவர்களுக்கு மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜில் சுப்பீரியாரிட்டி பர்கர் இருக்கிறது. இனிப்புகள் செய்வதில் பெயர்பெற்ற புரூக்ஸ் ஹெட்லி 2015-இல் தொடங்கியது. தானியமும் கொண்டைக்கடலையும் சேர்த்த வில்லை. மாடாக நடிப்பதில்லை, தானாகவே இருக்கிறது. முதலில் நின்றுகொண்டே சாப்பிடும் அளவு சின்ன இடமாக இருந்தது, 2023-இல் பெரிய இடத்துக்கு மாறினார்கள்.

ஒரு கோரிக்கை. மதுக்கூடங்களில் சைவ வில்லையையும் அதே கல்லில்தான் போடுகிறார்கள். கல்லும்கரண்டியும் புகழ்கிற அந்தப் 'பழகிய' கல் என்னைப் போன்றவர்களுக்குப் பழகாத கல். தனிச் சட்டியில் செய்யச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நாகூர்க்காற்று:

தயிர்சாதம் அவர்களின் கவலைதான் எங்களுடையதும். அந்தக் கல்லில் சற்று முன்புதான் பேக்கன் வறுபட்டிருக்கும். மதுவும் பன்றியும் இருக்கும் இடத்தில் ஹலால் இறைச்சி வாங்கினேன் என்று கடைக்காரர் சொன்னாலும் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. பேட்டர்சன் நகரின் தென்பகுதியில் அரபு மக்கள் பெருவாரியாக வாழ்கிறார்கள். மெயின் தெருவில் நடந்தாலே ஹலால் பர்கர் கடைகள் தென்படும், பேக்கனுக்குப் பதிலாக மாட்டிறைச்சியிலேயே செய்த பேக்கன் வைக்கிறார்கள். மதுக்கூடம் தேடும் ராரிட்டன்கரைக்கு இது பயன்படாது, படிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

ஊரிலிருந்து வந்த என் தாயார், 'ஹாம்' என்ற எழுத்தைப் பார்த்ததும் பன்றி என்று கருதி, ஹலால் கடையிலேயே இரண்டு வாரம் பர்கரைத் தொடவில்லை. ஹாம்பர்க் என்ற ஜெர்மானிய நகரத்தின் பெயர் அது என்று விளக்கிய பிறகுதான் சாப்பிட்டார். இப்போது வாரம் ஒன்று கேட்கிறார்.

மாத்திரைப்பெட்டி:

மீடியம், மீடியம் ரேர் என்று எல்லோரும் எழுதுவதால் ஒரு மருந்தாளுநராகக் குறுக்கிடுகிறேன். ஸ்டேக்கும் பர்கரும் ஒன்றல்ல. முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் அழிந்துவிடும். கொத்தும்போது மேற்பரப்பு உட்புறமாகிவிடுகிறது. அதனால் அமெரிக்க வேளாண் துறை கொத்திறைச்சியின் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்கிறது. 1993-இல் மேற்குக் கரையில் ஒரு விரைவுணவுச் சங்கிலியின் சரியாக வேகாத பர்கர்களால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். ஈ.கோலையின் ஓ157 வகை அது. அதற்கு அடுத்த ஆண்டு அந்தக் கிருமி கலந்த கொத்திறைச்சியை விற்பனைக்குத் தகாதது என்று அரசு அறிவித்தது. பெரியவர்கள் தம் விருப்பப்படி உண்ணலாம். குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்தச் சூடு எட்டும்வரை நன்றாக வெந்ததையே வாங்கிக் கொடுங்கள்.

கல்லும்கரண்டியும்:

மாத்திரைப்பெட்டி சொன்னது மெல்லிய வில்லைக்கு இன்னொரு சான்று. நான்கு அவுன்ஸ் வில்லையைக் கல்லில் அழுத்திச் சுட்டால் முழுவதும் வெந்த பிறகும் சாறு போவதில்லை, ஏனென்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. தடித்த வில்லையைத்தான் பச்சையாகவோ சக்கையாகவோ உண்ண வேண்டியிருக்கிறது.

மட்டுறுத்துநர்:

மாட்டிறைச்சி உண்பது பற்றிய நான்கு மறுமொழிகள் நீக்கப்பட்டுள்ளன. அந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. கசப்பான அனுபவத்தை எழுதுகிறவர்கள் ராரிட்டன்கரையைப் போலவே கடையின் பெயரைத் தவிர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பழையநூவர்க்:

1989 முதல் நூவர்க்கில் இருக்கிறேன். தம்பி கேட்டது மதுக்கூடம், எல்லோரும் ஆற்றைக் கடந்து நியூயார்க்குக்கே அனுப்புகிறார்கள். நூவர்க்கிலேயே, போர்த்துக்கீசியர் நிறைந்த அயர்ன்பவுண்ட் பகுதியில் க்ரூக்ஸ் டாவர்ன் இருக்கிறது. முக்கால் பவுண்டு வில்லை. கல்லும்கரண்டியும் கோபித்துக்கொள்ளக் கூடாது, தடித்ததுதான். மதியம் போங்கள், அப்போது சமைப்பவருக்கு அவசரமில்லை.

இங்கே நல்ல மதுக்கூடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. நியூ ஜெர்சியில் மது விற்கும் உரிமம் மக்கள்தொகைக் கணக்கில்தான் வழங்கப்படுகிறது, மூவாயிரம் பேருக்கு ஒன்று. ஆகவே புதிய உரிமம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழையதை விலைக்கு வாங்க வேண்டும், சில ஊர்களில் அது பல லட்சம் டாலர். அவ்வளவு பணம் போட்டவர் குடியில்தான் அதை மீட்கிறார், சமையலறை அவருக்கு இரண்டாம் பட்சம். உரிமம் வாங்க முடியாத நல்ல சமையற்காரரோ, மதுவை நீங்களே கொண்டுவாருங்கள் என்று கதவில் எழுதி வைத்துவிடுகிறார். ஆகவே நல்ல பியரும் நல்ல பர்கரும் ஒரே கூரையின் கீழ் அமைவது இந்த மாநிலத்தில் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல. உரிமத்தைத் தலைமுறையாக வைத்திருக்கும் பழைய குடும்பக் கடைகளில்தான் அந்தப் பொருத்தம் கிட்டும். வாசலில் பெரிய தொலைக்காட்சிகள் தெரிந்தால் போகாதீர்கள்; மது பரிமாறும் மேடையில் முதியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தால் உள்ளே நுழையுங்கள்.

ராரிட்டன்கரை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய அறிவுரையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டதில் பெட்ரோலுக்கும் பாலச் சுங்கத்துக்குமே ஒரு தொகை ஆகிவிட்டது.

ஒயிட் மன்னா: செம்பருத்தி அக்கா எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆறு சாப்பிட்டேன். சட்டையில் வெங்காய மணம் இரண்டு நாள் போகவில்லை. மனைவி காரின் சன்னல்களைத் திறந்து வைத்தார்.

க்ரூக்ஸ்: பழையநூவர்க் ஐயா சொன்னபடியே சனிக்கிழமை மதியம் போனேன். முக்கால் பவுண்டு என்றதும் மறுபடியும் கரிக்கட்டைதானோ என்ற அச்சம் இருந்தது. மீடியம் கேட்டேன், மீடியமே வந்தது. சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. செய்தித்தாள் படிக்கும் முதியவர் ஒருவரல்ல, இருவர் இருந்தார்கள். கல்லும்கரண்டியும் அண்ணா, தடித்ததெல்லாம் தோல்வியென்ற உங்கள் விதி அங்கே கொஞ்சம் தளர்ந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஜே.ஜி. மெலன்: நாற்பது நிமிடம் நின்றேன். பர்கர் அருமை, நின்ற கால் வலியும் உண்மை.

அதன்பிறகு யாரும் சொல்லாத ஒரு காரியத்தையும் செய்தேன். கனெக்டிகட்டின் நியூ ஹேவனுக்கு, ஒரு மணி நேர வரம்பை நானே மீறி, லூயிஸ் லஞ்ச் என்ற கடைக்குப் போனேன். 1895-இல் லூயி லாசன் என்ற டென்மார்க்குக்காரர் தொடங்கியது; 1900-இல் அமெரிக்காவின் முதல் ஹாம்பர்கரை விற்றது தாங்களே என்கிறார்கள். அந்த உரிமைக்கு வேறு மாநிலங்களிலும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என்னைக் கவர்ந்தது அடுப்பு. 1898-ஆம் ஆண்டின் வார்ப்பிரும்பு அடுப்புகள், நின்றவாக்கில் இருக்கின்றன. வில்லைகளைக் கம்பிச் சட்டத்தில் செங்குத்தாகச் செருகி உள்ளே விடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகிறது, கொழுப்பு கீழே வடிகிறது. நின்றவாக்கில் வேகும்போது துண்டு சீஸ் வழிந்துவிடும் என்பதால் சீஸைப் பூசுகிறார்கள். பன் கிடையாது, வாட்டிய வெள்ளை ரொட்டித் துண்டுகள்தான். வெங்காயம், தக்காளி, சீஸ் தவிர வேறெதுவும் வைக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் கெட்சப் கேட்டார். இல்லை என்பதற்கு அங்கே ஒரு பலகையே இருக்கிறது, அதைக் காட்டினார்கள்.

அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான், என் ஊர் மதுக்கூடத்தில் நான் சாப்பிட்டது பர்கரையல்ல, பர்கரை மறைப்பதற்காக அடுக்கிய பொருள்களை என்று விளங்கியது.

ஸ்டாட்டன்தீவான்:

நியூ ஹேவன் வரை போனீர்களா! அவ்வளவு தூரம் போனவர் இன்னும் கொஞ்சம் வடக்கே போய் மெரிடன் நகரிலுள்ள டெட்ஸ் கடையையும் பார்த்திருக்கலாம். 1959 முதல் அங்கே பர்கரைச் சுடுவதில்லை, இட்லிபோல் ஆவியில் அவிக்கிறார்கள். சீஸையும் தனித் தட்டில் அவித்து மேலே ஊற்றுவார்கள்.

கல்லும்கரண்டியும்:

அவித்த பர்கரா? இதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

க்ரூக்ஸ் பற்றிய தீர்ப்பை ஏற்கிறேன். ஆனால் ராரிட்டன்கரை, நீங்கள் இன்னும் கேட்ட கேள்விக்கே வரவில்லை. மாதம் இருமுறை போகக்கூடிய, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கடை எது? வெள்ளிக்கிழமை உங்களை ஏமாற்றிய அதே கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போய், மேடையில் அமர்ந்து, சமையலறையில் தட்டைக் கல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காலையில் முட்டையும் ரொட்டியும் போடும் கடை என்றால் கல் இல்லாமல் இருக்காது.

ராரிட்டன்கரை:

அண்ணா, நேற்று போனேன். சனி ஞாயிறுகளில் அங்கே காலையுணவு உண்டு என்பது உண்மைதான். ஆறு மணிக்கு மேடையில் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

மது பரிமாறும் பெண்மணியிடம், பர்கர்களைக் கல்லில் போடுவீர்களா என்று கேட்டேன். பெரியவை எல்லாம் கம்பி அடுப்பில்தான் என்றார். சற்று யோசித்துவிட்டு, "குழந்தைகள் பட்டியலில் இருப்பதை மட்டும் கல்லில் போடுவார்கள், அது மெல்லியது, அடுப்பில் போட்டால் உடைந்துவிடும்" என்றார். நான்கு அவுன்ஸ், சாதாரண பன், ஒரு துண்டு அமெரிக்கன் சீஸ், வேறொன்றும் கிடையாது. அது பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். சமையலறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தவர், "இரண்டாகக் கேட்டால் பெரியவர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இரண்டு வந்தன. ஓரமெல்லாம் பின்னல் சரிகைபோல் மொறுமொறுப்பு, நடுவில் சீஸ் உருகி இறைச்சியோடு ஒன்றிப்போயிருந்தது, பன் கடைசிக் கடி வரை தாங்கியது. பியரோடு சேர்த்து வெள்ளிக்கிழமைச் செலவில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. தட்டோடு நான்கு வண்ணக்குச்சிகளும் புதிர்ப்படம் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். அதை மகளுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

செம்பருத்தி:

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குப் பணி இல்லை. கடையின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள் தம்பி.